கைமாறும் வண்டி

பழையதை விட்டுப் புதியதைக் கொள்வது அறமா, அறமன்றா? இவ்வினாவை மதத்தின் பெயராலும் வழக்கத்தின் பெயராலும் நம்மனோர் பன்முறை எழுப்பியிருக்கின்றனர். சீர்திருத்தக்காரர் 'மாற்றுக' என்பர்; வைதிகர் 'முன்னோர் என்ன மூடரா?' என்பர். யான் இங்கு ஆராயப் புகுவது அத்துணைப் பெரிய மாற்றத்தை அன்று. ஒரு மோட்டார் சைக்கிளை விட்டு மற்றொரு மோட்டார் சைக்கிளுக்கு மாறிய சிறு செய்தியைப் பற்றியே எழுதப் போகின்றேன். 'இஃதும் ஒரு பொருளா?' என்று வாசகர் நகைக்கலாம். நகைத்துவிட்டு மேலே படிக்குமாறு வேண்டிக்கொள்கின்றேன். பெரிய அறங்களைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. ஒரு வண்டியை விற்கும்போது நம் யோக்கியதை வெளிப்பட்டுவிடுகின்றது.

சுங்கைப் பட்டாணியில் வாழும் எனக்குப் பதினோராண்டு உழைத்தது ஒரு 250 சிசி வண்டி. நெடும் பயணத்துக்கென்றே அமைந்தது. இருபுறமும் பெட்டி, பின்னால் ஒரு பெட்டி, காற்றைத் தடுக்க ஒரு கண்ணாடி. அதன்மேல் ஏறி அலோர் ஸ்டார், ஜித்ரா, சங்லூன் கடந்து புக்கிட் காயு ஈத்தாம் எல்லைச் சாவடி வழியே ஹாட்யாய் வரை பலமுறை சென்றிருக்கின்றேன். கிழக்கே பாலிங் வழியாகக் கிரிக் சென்று, அங்கிருந்து 1982-இல் திறக்கப்பட்ட கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் மலைத்தொடரைக் கடந்து கிளந்தானின் ஜெலிக்கு இறங்கியிருக்கின்றேன். யானைகள் சாலையைக் கடக்கும் இடம் அது. இரவில் அவ்வழியே செல்லாதே என்று அறிவுடையோர் கூறுவர். யான் சென்றேன், அதன் பயனை இக்கட்டுரையின் பிற்பகுதியில் காண்பீர்கள்.

இத்தகைய வண்டியை விட்டு 400 சிசி வண்டிக்கு மாறுவதென்று சென்ற ஆண்டு முடிவு செய்தேன். என் மனைவி கேட்ட கேள்வி மிகச் சிறியது. "அதற்கு என்ன குறை வந்தது?" என்றாள். யான் மூன்று காரணங்கள் கூறினேன். புதிய வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் உண்டு. மழை நாட்டில் அஃது உயிர் காப்பது என்றேன். பழையது மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போனால் கைப்பிடி அதிர்ந்து விரல்கள் மரத்துப்போகின்றன என்றேன். எண்ணெய்த் தொட்டி சிறிது, மலைச்சாலையில் அடுத்த நிலையம் வரை நெஞ்சம் படபடக்கின்றது என்றேன். மூன்றும் மெய். மலேசியாவில் சாலை விபத்துகளில் இறப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றோரே என்பதை அறிந்தவன் பிரேக்கைப் பற்றிக் கவலுவது தவறன்று. ஆயினும் மூன்று மெய்களும் சேர்ந்து முழு மெய்யாகிவிடவில்லை. யான் சொல்லாது மறைத்த நான்காவது காரணம் ஒன்று இருந்தது.

அதனைச் சொல்வதற்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் எண்ணெய் நிலையம் ஒன்றில் விடியலில் வண்டிக்காரர் கூடுவர். சீக்கிற்கோ, பாலிங்கிற்கோ, பெடு ஏரிக்கோ அணிவகுத்துப் புறப்படுவர். அவ்வணியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஆயிரம் சிசிக்காரர் முன்னே செல்வர். அறுநூறு, எண்ணூறு என்போர் அவர் பின்னே. நானூறு அதன் பின்னே. இருநூற்றைம்பது, நூற்றைம்பது எல்லாம் வால். கப்சாயில் வந்தவனை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் தேநீர்க் கடையில் அவன் அமரும் மேசை வேறாகிவிடுகின்றது. யாரும் திட்டமிட்டுச் செய்வதன்று அது. தானாகவே அமைகின்றது என்பர். வருணாசிரமமும் தானாகவே அமைந்தது என்றுதானே அதனைக் காத்தோரும் சொன்னார்கள்?

அரசும் தன் பங்குக்குப் படிக்கட்டு அமைத்து வைத்திருக்கின்றது. தீபகற்பத்தில் 150 சிசி வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்குச் சாலை வரி ஆண்டுக்கு 2 வெள்ளி. 200 வரை 30 வெள்ளி. 250 வரை 50. 500 வரை 100. 800 வரை 250. அதற்கும் மேற்பட்டால் 350. உரிமத்திலும் 250 சிசி வரை பி2 என்றொரு வகுப்பு; அதனைத் தாண்டினால் மேல் வகுப்பு உரிமம் பெற வேண்டும். பெரிய பொறியை ஓட்டுவோனுக்குக் கூடுதல் பயிற்சி வேண்டுமென்பதும், பெரிய பொறி வாங்கியவன் கூடுதல் வரி தரவேண்டுமென்பதும் நியாயமே. அதனை யான் குறை கூறவில்லை. பொறியின் கொள்ளளவை மனிதனின் கொள்ளளவாக மாற்றிக்கொண்டது அரசன்று, நாம்.

என் நான்காவது காரணம் இதுதான். வாலில் செல்வது எனக்கு அலுத்துவிட்டது. சாதியை ஒழிக்க வேண்டுமென்று பேசியும் எழுதியும் வந்த ஒருவன், சிசிச் சாதியில் ஒரு படி மேலே ஏறுவதற்காக மாதத் தவணை கட்டத் துணிந்தான். இதனை ஒப்புக்கொள்ளக் கூச்சமாகவே இருக்கின்றது. ஆனால் இதனை மறைத்து எழுதினால் மேற்கொண்டு எழுதுவன யாவும் பொய்யாகிவிடும்.

'அப்படியானால் வண்டி வாங்கியதே ஆடம்பரம், அகந்தை' என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிடலாமா? அவா அறுத்தலுக்கு வள்ளுவர் ஒரு தனி அதிகாரமே வகுத்தார் என்பதை எடுத்துக்காட்டி என்னை மடக்கலாமா? மடக்கலாம். ஆனால் நம் தோட்டங்களின் வரலாறு அறிந்தோர் அவ்வளவு விரைவில் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள். இரண்டு சக்கரமும் மானமும் நம்மவர் வாழ்வில் பழங்காலந்தொட்டுப் பின்னிக் கிடக்கின்றன.

1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஆர். எச். நாதன் அவர்தம் தலைவர்களுள் ஒருவர். அவர் சிறைப்பட்டு நாடு கடத்தப்பட்டார். நிறுத்தம் படை கொண்டு அடக்கப்பட்டது. அத்தொழிலாளர் விடுத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும் என்றனர். கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றனர். பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், பெண்டிரிடம் முறைகேடாக நடப்பது ஒழிய வேண்டும் என்றனர். இவற்றோடு மற்றொன்றும் கேட்டனர். எதிரே துரையோ கிராணியோ வந்தால் தொழிலாளி தன் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற கட்டாயம் நீங்க வேண்டும் என்பதே அது. வயிற்றுக்குக் கேட்ட அதே தாளில் சைக்கிளில் அமர்ந்தபடியே போகும் உரிமையையும் கேட்டார்கள். சில்லறைக் கோரிக்கை என்று அதனை யார் சொல்லத் துணிவர்?

நம் கெடாவும் வாளாவிருக்கவில்லை. 1929-இன் இறுதியில் பெரியார் பினாங்கில் இறங்கிய பின் இப்பகுதித் தோட்டங்களில் சுயமரியாதைச் சொல் பரவியது. போர் முடிந்ததும் பீடோங்கை அடுத்த ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பாரின் தலைமையில் தொண்டர் படை எழுந்து, 1946, 1947-ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றது. அன்று நிமிர்ந்தோரின் பேரப்பிள்ளைகளே இன்று பீடோங்கிலும் குரூணிலும் பெரிய வண்டிகளில் பறக்கின்றனர். இறங்கி நின்ற பாட்டனின் பேரன் ஏறிப் பறப்பதில் ஒரு நியாயமான மகிழ்ச்சி உண்டு. என் பாட்டனாரும் பால்மரம் சீவியவர்தாம். என் முதல் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர் எதுவும் சொல்லவில்லை. கைப்பிடியை மட்டும் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். ஆகவே தோட்டத்து இளைஞன் ஒருவன் கடன்பட்டுப் பெரிய வண்டி வாங்கினால், பட்டணத்துப் படித்தவர்கள் அதனை வெற்று ஆடம்பரம் என்று இகழும்போது எனக்குச் சினம் வருகின்றது. அவன் வாங்குவது இரும்பை மட்டுமன்று.

ஆயினும் ஒன்று உண்டு. கிள்ளான் தொழிலாளர் கேட்டது, யாருக்கும் இறங்காமல் போகும் உரிமை. பிறரை இறங்கச் செய்யும் உரிமையை அவர்கள் கேட்கவில்லை. கப்சாய்க்காரன் என்னைக் கண்டு வேறு மேசைக்குப் போனால், யான் வாங்கியது பாட்டனின் மானத்தையா, துரையின் நாற்காலியையா? இவ்வினா எழுந்த பின்பே என் நான்காவது காரணத்தின் உருவம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. முன்னைய மூன்று காரணங்களுக்காக வண்டியை மாற்றலாம். நான்காவதற்காக மாற்றினால் இன்னும் இரண்டாண்டில் மறுபடி மாற்ற வேண்டிவரும்; ஏனெனில் 400-க்கு முன்னே எப்பொழுதும் ஓர் 800 சென்றுகொண்டே இருக்கும்.

இனிப் பழைய வண்டியின் பக்கம் வருவோம். பதினோராண்டு சுமந்ததைப் பணத்துக்குக் கைமாற்றுவது நன்றி கொன்ற செயலா? என் நண்பர் ஒருவர் அப்படித்தான் கருதினார். அவர் ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனம் பூசி, மாலை இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குபவர். "பழசிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதுசில் ஏறு" என்றார். யான் சிரித்தேன். செவியில்லாததிடம் மன்னிப்பா? எலுமிச்சம்பழத்தால் பிரேக் பிடிக்குமா? சக்கரத்தின் கீழ்ப் பழம் வைப்போரில் எத்தனை பேர் சக்கரத்தின் காற்றளவைப் பார்க்கின்றனர் என்று கேட்டேன். நண்பர் விடை கூறவில்லை. ஆனால் விற்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க, அவ்வண்டியைக் கொட்டகையில் காணும்போதெல்லாம் எனக்கும் நெஞ்சில் ஒரு முள் குத்தியது. பகுத்தறிவாளனின் நெஞ்சிலும் குத்தத்தான் செய்தது.

அந்த முள் எங்கிருந்து வந்தது? மிலிந்தன் என்னும் யவன அரசனுக்கும் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவிக்கும் நடந்த உரையாடல் ஒன்று உண்டு. அரசன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேர் என்பது உறுப்புகளின் சேர்க்கைக்கு நாம் இட்ட பெயரே என்று அவர் காட்டினார். என் வண்டியிலும் அப்படியே. பதினோராண்டில் சங்கிலியும் பற்சக்கரங்களும் நான்கு முறை மாறின. டயர்கள் எத்தனை என்பது நினைவில்லை. கிளட்ச்சுத் தட்டுகள், பிரேக்குக் கட்டைகள், இருக்கையின் தோல், மின்கலம் யாவும் மாறிவிட்டன. யான் 'பழைய வண்டி' என்று உருகுவது எதை? சட்டத்தையும் பொறியின் உடலையும் தவிர்த்தால் பழையது என்று சொல்ல என் நினைவைத் தவிர வேறொன்றுமில்லை. நினைவை யாரும் விலைக்குக் கேட்கவில்லை. அஃது என்னோடே இருக்கும்.

நாகசேனரின் தருக்கம் முள்ளைப் பாதிதான் எடுத்தது. மறுபாதியை எடுத்தது தோட்டத்தின் வரலாறு. 1950-களின் இறுதியில் தொடங்கி வெள்ளையர் கும்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது என்ன நிகழ்ந்தது? தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவியவர்கள், தோட்டம் கைமாறியது என்ற ஒரே காரணத்தால் வேலையும் இழந்து லயத்து வீடும் இழந்தார்கள். இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வந்தது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய கருவி கழிக்கப்பட்டது. கருவியோடு மனிதனும் கழிக்கப்பட்டான். இக்கொடுமைக்கு விடை தேடித்தான் 1960-இல் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். விற்கப்படும் பொருளோடு பொருளாகக் கைமாறிக்கொண்டிருந்தவர்கள், தாமே வாங்குவோராக மாறிய நாள் அது. நம் வரலாற்றுப் புத்தகங்கள் அந்நாளுக்கு இன்னும் அதிக இடம் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தோட்ட முறையின் பாவம், மனிதனைப் பொருளாகக் கருதியது. ஆயுத பூசையின் பேதைமை, பொருளை மனிதனாகக் கருதுவது. ஒன்று கொடுமை, மற்றொன்று வெறும் பேதைமை, இரண்டும் சமமல்ல. ஆனால் இரண்டிற்கும் அடியில் இருப்பது ஒரே குழப்பம். வண்டிக்கு மாலையிட்டுக் கண்ணீர் விடும் ஒருவன், அதே வண்டியைப் பதினோராண்டு பழுது பார்த்துக் கொடுத்த பட்டறைக்காரனுக்குத் தரவேண்டிய பாக்கியை ஆறு மாதம் இழுத்தடிப்பதைக் கண்டிருக்கின்றேன். நன்றி என்பது செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்லாமல் இரும்பின்மேல் வழிந்தோடிவிடுகின்றது. என் நெஞ்சில் குத்திய முள்ளும் அவ்வாறு வழி தவறியதே. யான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர் இருந்தனர்: பட்டறைக்காரர், கிரிக் மலையில் நள்ளிரவில் என்னைத் தூக்கிவிட்ட லாரிக்கார மலாய்ப் பெரியவர், பயணம் போகும் நாளெல்லாம் விழித்திருந்த மனைவி. வண்டிக்கு ஒன்றும் இல்லை.

உலகம் சுற்றிய வண்டிக்காரர்கள் இதனை எங்ஙனம் கண்டனர் என்று பார்ப்பது சுவையானது. டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர் 1973-இல் 500 சிசி டிரையம்ப் ஒன்றில் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, நான்காண்டுகள் அறுபதாயிரம் மைலுக்கு மேல் உலகைச் சுற்றி வந்தார். 2001-இல், எழுபதை நெருங்கிய வயதில், மீண்டும் அதே வழியைக் காணப் புறப்பட்டார். இம்முறை ஏறியது பிஎம்டபிள்யூ வண்டி. பழைய டிரையம்ப் கவன்றி நகரத்துப் போக்குவரத்துக் காட்சிசாலையில் நிற்கின்றது. அவர் நன்றி கெட்டவரா? எழுபது வயதுக்காரருக்கு எந்த வண்டி ஏற்றதோ அதில் ஏறினார், அவ்வளவுதான். அவர் மீண்டும் காண விரும்பியது வழியையும் வழியில் கண்ட மனிதரையுமே.

அமெரிக்கரான இராபர்ட் பர்சிக்கின் வழி வேறு. 1968-இல் தம் மகனைப் பின்னே அமர்த்திக்கொண்டு ஒரு ஹோண்டா வண்டியில் மேற்குக் கடற்கரை வரை சென்றார். அப்பயணத்தை வைத்து 1974-இல் அவர் வெளியிட்ட நூல் புகழ் பெற்றது. உடன்வந்த நண்பரோ விலையுயர்ந்த பிஎம்டபிள்யூவில் வந்தார். ஆனால் பொறியைத் தம் கையால் தொட விரும்பாதவர். பர்சிக் தம் வண்டியைத் தாமே பழுது பார்த்தார். பொருளை வணங்கவும் வேண்டாம், வெறுக்கவும் வேண்டாம், கவனிக்க வேண்டும் என்பது அவர் நூலிலிருந்து யான் எடுத்துக்கொண்ட பாடம். கவனிப்பு வேறு, பூசை வேறு. இரண்டையும் ஒன்றாக்கியதால்தான் நம்மூரில் சந்தனம் பூசிய வண்டிகளில் எண்ணெய் மாற்றப்படாமல் கிடக்கின்றது.

மூன்றாமவர் சே குவேரா. 1952-இல் நண்பர் அல்பர்ட்டோ கிரனாடோவின் பழைய நார்ட்டன் வண்டியில் இருவரும் புறப்பட்டனர். அதற்குப் 'பலசாலி' என்னும் பொருள்படப் பெயரிட்டிருந்தனர். பலசாலி சிலி நாட்டில் உயிர்விட்டது. அவர்கள் வேறு வண்டிக்கு மாறவில்லை, மாறப் பணமுமில்லை. நடந்தும், லாரிகளில் ஏறியும் சென்றனர். சுக்கிக்கமாட்டாச் செப்புச் சுரங்கத்தில் தொழிலாளர் படும் பாட்டைக் கண்டது அதற்குப் பிறகே. வண்டி ஓடிக்கொண்டே இருந்திருந்தால் அவர்கள் நின்றிருப்பார்களா என்று யான் பலமுறை எண்ணியதுண்டு. நம் பாரி தேரை முல்லைக்கு விட்டு இறங்கி நடந்தான் என்கின்றனர். அவனிடம் வேறு தேர்கள் இருந்திருக்கும் என்பது வேறு செய்தி.

இவையெல்லாம் என்னைத் தேற்றின. ஆனால் உண்மையான சோதனை விற்பனையின்போதுதான் வந்தது.

முன்னே சொன்ன மலைச்சாலையில், ஐந்தாண்டுகளுக்கு முன், மழை இரவில் வளைவொன்றில் வண்டி சறுக்கி ஓரத் தடுப்பில் மோதிற்று. எனக்குத் தோளில் காயம். வண்டிக்கு முன் கவை வளைந்தது. புதுக் கவை விலை அதிகம். செலவுக்கு அஞ்சி, வளைந்ததை அழுத்தி நிமிர்த்தி மாட்டச் சொன்னேன். பார்வைக்கு நேராகவே இருந்தது. பட்டணத்துக்குள் ஓட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டினால் கைப்பிடி இலேசாக ஆடத் தொடங்கும். 100-ஐத் தாண்டினால் ஆட்டம் பெருகும். மனைவியிடம் விரல் மரத்துப்போகின்றது என்று சொன்னேனே, பொறியின் அதிர்வோடு இதுவும் அதற்குக் காரணம். பொறியை மட்டும் குறை கூறிவிட்டு இதனை அவளிடமும் மறைத்தேன். அதன் பின் ஐந்தாண்டும் யான் 90-ஐத் தாண்டவில்லை. அணிவகுப்பில் வாலில் நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சிசிச் சாதியின்மேல் முழுப்பழியையும் போட்டது என் தன்னலமாகவும் இருக்கலாம்.

வாங்க வந்தவன் இருபத்திரண்டு வயது இளைஞன். பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். கூலிம் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் இரவு முறை வேலை. இரண்டாண்டு சேமித்த பணம் கையில் இருந்தது. வண்டியைத் தெருவில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்தான். முகம் மலர்ந்தது. "கேமரன் மலைக்குப் போகணும் அண்ணே, நெடுஞ்சாலையில் ஒரே மூச்சில்" என்றான். 6,500 வெள்ளிக்குப் பேரம் முடியும் நிலையில் இருந்தது. விபத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை.

கேட்காததைச் சொல்ல வேண்டுமா? சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வாங்குபவன் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும் என்பது வணிகர் நியாயம். என் அறிவு அந்நொடியில் எனக்காக எத்தனை வாதங்களைக் கொண்டுவந்து குவித்தது என்பதை எண்ணினால் இன்றும் வியப்பாக இருக்கின்றது. ஐந்தாண்டு ஒன்றும் ஆகவில்லையே என்றது. அவன் எப்படியும் டயர் மாற்றுவான், அப்போது பட்டறையில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றது. பகுத்தறிவு என்று நாம் போற்றும் அதே கருவிதான் வஞ்சத்துக்கும் வழக்குரைஞனாக வந்து நிற்கின்றது. அறிவை வழிபடும் நம் இயக்கத்தார் இதனை அடிக்கடி நினைத்துக்கொள்வது நன்று.

எளிதான வழி மற்றொன்றும் இருந்தது. புதிய வண்டி விற்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொள்ளலாம். விலை குறையும், ஆனால் கடைக்காரர் எதுவும் கேட்கமாட்டார், யானும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பட்டறைக்காரரும் அதையே சொன்னார்: "கடையில் தள்ளிவிடுங்கள் அண்ணே, பாவம் உங்களோடு இருக்காது." எண்ணிப் பார்த்தேன். பாவம் எங்கே போகும்? கடையிலிருந்து மற்றொரு பாடாங் செராய் இளைஞனிடம் போகும். இடையில் ஒரு கடை இருப்பதால் அவன் முகத்தை யான் காணமாட்டேன், வேற்றுமை அவ்வளவே. அன்று கும்பெனிகளும் தோட்டத்தை அப்படித்தான் விற்றன. இலண்டனில் கையெழுத்திட்டவர் லயத்திலிருந்து மூட்டையோடு வெளியேறியவளின் முகத்தைக் கண்டதில்லை. முகத்தைக் காணாதிருக்கும் வசதியைத்தான் இடைத்தரகர் நமக்கு விற்கின்றனர். யான் ஏற அஞ்சிய வேகத்தில், காணாத ஒருவனை ஏற்றிவிட்டு, 'இரும்புக்கு உயிரில்லை' என்று நாகசேனரைத் துணைக்கு அழைப்பது எவ்வளவு கேவலம்!

இளைஞனைத் திரும்ப அழைத்துச் சொன்னேன். மழை, வளைவு, தடுப்பு, நிமிர்த்திய கவை, 90-க்கு மேல் ஆட்டம் என யாவற்றையும் சொன்னேன். அவன் முகம் மாறிற்று. நன்றி கூறுவான் என்று யான் எதிர்பார்த்திருந்தேன் போலும், அவன் கூறவில்லை. "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றான். சரியான கேள்வி. விளம்பரத்தில் 'விபத்தில்லா வண்டி' என்று யான் எழுதவில்லை. 'நல்ல நிலையில்' என்று எழுதியிருந்தேன். அவ்விரண்டு சொற்களையும் அவன் தன் கைப்பேசியில் எடுத்து என்னிடம் காட்டினான். விடை சொல்ல முடியாமல் நின்றேன்.

ஒரு வாரம் அவன் வரவில்லை. பின்னர் வந்து, புதுக் கவைக்கும் கூலிக்குமான கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, 5,200 என்றான். தாளில் கழித்ததைக் காட்டிலும் சிறிது அதிகமாகவே கழித்திருந்தான். யான் பேரம் பேசவில்லை. சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் பெயர் மாற்றம் முடிந்தது. கவை மாற்றும்வரை வண்டி என் கொட்டகையிலேயே நிற்கட்டும் என்றேன், அவனும் இசைந்தான். என் பட்டறைக்காரரே மாற்றிக் கொடுத்தார். அவருக்கு என் பாக்கி 140 வெள்ளி இருந்தது. முன்னே ஒருவனைக் குறை கூறினேன் அல்லவா? அதனையும் அன்றே தீர்த்தேன்.

புதிய வண்டி இப்பொழுது என்னிடம் இருக்கின்றது. நல்ல வண்டிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அணிவகுப்புக்குப் போகின்றேன். 400 என்பதால் நடுவில் இடம் கிடைத்தது. தேநீர்க் கடையில் கப்சாய்க்காரர் மேசையில் போய் அமர்ந்தேன். முதல் இரண்டு வாரம் அவர்கள் பேச்சை நிறுத்தி என்னை ஐயத்தோடு பார்த்தார்கள். மூன்றாம் வாரம் ஒருவர் தம் வண்டியின் சங்கிலி தளர்வதைப் பற்றிக் கேட்டார்.

சென்ற வாரம் அவ்விளைஞன் தொலைபேசியில் அழைத்தான். கேமரன் மலைக்குப் போய்வந்துவிட்டானாம். பின்பெட்டிக்கு இரண்டு சாவி இருக்க வேண்டுமே, ஒன்றுதானே தந்தீர்கள் என்று கேட்டான். வீடெங்கும் தேடிக்கொண்டிருக்கின்றேன்.